அப்பாவின் துப்பாக்கியும் மச்சானின் அட்வான்ஸும்

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. அப்பாவிடம் லைசென்ஸ் உள்ள 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. எட்டு மாதம் முன்பு அப்பா தவறிவிட்டார். துப்பாக்கியும் பதினோரு தோட்டாவும் பீரோவில் அப்படியே இருக்கின்றன. எனக்கு அதில் ஆசை இல்லை. ஆனைமலையில் இருக்கும் என் மச்சான் (மனைவியின் அண்ணன்) காட்டுப்பன்றித் தொல்லைக்கு ஆகும் என்று கேட்கிறார். அவரிடம் லைசென்ஸ் இல்லை, பிறகு எடுத்துக்கொள்வாராம். 60,000 ரூபாய்க்குப் பேசி 10,000 அட்வான்ஸும் வாங்கிவிட்டேன். முத்திரைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால் போதாதா? பரணில் தாத்தா காலத்து மருந்து இடித்துச் சுடும் ஒற்றைக் குழல் ஒன்றும் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா? பையன் வேறு வாட்ஸ்அப்பில் வந்த ஏர் கன்னைக் காட்டி வாங்கித் தரச் சொல்கிறான். அதற்கும் லைசென்ஸ் வேண்டுமா?
— கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: நல்லவேளை, துப்பாக்கி இன்னும் கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போகவில்லை. தாண்டிய பிறகு இந்தக் கடிதம் வந்திருந்தால் நான் வேறு மாதிரி பதில் எழுத வேண்டியிருந்திருக்கும்.

உங்கள் கடிதத்தில் மச்சானை விட எனக்குக் கவலை தருவது பீரோதான். அப்பா இறந்த பிறகு தோப்பு உங்கள் பேருக்கு மாற ஒரு வருடம் ஆனாலும் தேங்காய் பறிப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. துப்பாக்கி அப்படிப்பட்ட சொத்தல்ல. அதன் விலைமதிப்பு வாரிசுகளுக்கு வரும். அதைக் கையில் வைத்திருக்கும் உரிமை வராது. லைசென்ஸ் என்பது அப்பா என்ற ஆளுக்குக் கொடுத்த அனுமதி, அவரோடு முடிந்துவிட்டது. இரும்பு வீட்டில் மிச்சம், அனுமதி இல்லை. ஆக, இந்த எட்டு மாதமும் நீங்கள் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை வைத்திருப்பவர். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அதைத்தான் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. பயமுறுத்த எழுதவில்லை. துக்க வீட்டில் துப்பாக்கி ஞாபகம் யாருக்கு வரும் என்பது எனக்கும் தெரியும், ஸ்டேஷனில் இருப்பவர்களுக்கும் தெரியும். ஆனால் எட்டு மாதத்துக்குச் சொன்ன காரணத்தை இரண்டு வருடத்துக்குச் சொல்ல முடியாது.

இந்த நிலைமைக்கென்றே அதே சட்டத்தில் 21ஆம் பிரிவு இருக்கிறது. வைத்திருப்பது எந்தக் காரணத்தால் சட்டப்படி ஆகாமல் போனாலும், தேவையில்லாத தாமதம் இல்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பதால் துப்பாக்கி கைவிட்டுப் போய்விடாது. உங்களுக்கு லைசென்ஸ் கிடைத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால், அது அங்கே இருக்கும்போதே, வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். உங்கள் விற்பனை ஆசைக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு இதுதான். விதிகளில் குறித்த காலத்துக்குள் இரண்டில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், கலெக்டர் நோட்டீஸ் கொடுத்து அரசுக்கு எடுத்துக்கொள்ள முடியும். கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

எப்படிக் கொடுப்பது? இதைப் படித்த கையோடு துப்பாக்கியை எடுத்து ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம். லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியோடு ரோட்டில் போவதே தனிச் சிக்கல். லைசென்ஸ்தாரர் எழுத்தில் கொடுத்த அனுமதியோடு, பழுது பார்க்கவோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ இன்னொருவர் எடுத்துப் போகலாம் என்று ஒரு சலுகை உண்டு. எழுதிக் கொடுக்க உங்கள் அப்பா இல்லை. எனவே முதலில் கடிதம். அப்பா பெயர், லைசென்ஸ் எண், இறந்த தேதி, துப்பாக்கியைச் செய்த கம்பெனி, அதன் மேல் பொறித்த எண், தோட்டா பதினொன்று, ‘ஒப்படைக்க விரும்புகிறேன், எப்போது எப்படிக் கொண்டுவரட்டும்’ என்ற கேள்வி, இவ்வளவும் ஒரே பக்கத்தில். லைசென்ஸ் புத்தகத்தின் நகலும் இறப்புச் சான்றிதழ் நகலும் கூட. இன்னொரு பிரதியில் ஸ்டேஷன் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சித்தூர் தாலுகா மொழிச் சிறுபான்மைப் பகுதி என்பதால் தமிழில் எழுதலாம். இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் மலையாளத்தில் எழுதித் தருவதுதான் வழக்கம். உரிமையைக் காட்டும் நேரம் இதுவல்ல, வேலை நடக்கட்டும். ‘நீங்களே கொண்டுவாருங்கள்’ என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அப்போது குழலில் தோட்டா இல்லை என்று பழக்கமுள்ள ஒருவரை வைத்துப் பார்த்து, உறையில் போட்டு, தோட்டாக்களைத் தனியாக வைத்து, சீல் வாங்கிய கடிதம் சட்டைப்பையில் இருக்க, ஒரு வக்கீலோடு காரில் போங்கள். தோட்டாவைச் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இனி மச்சான். பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதிக் கொடுத்தால் போலீஸுக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான். யார் விற்றார், யார் வாங்கினார், என்ன விலை, எந்தத் தேதி, எல்லாம் உங்கள் கையெழுத்தோடு தயாராக இருக்கும். சட்டம் தடுக்கும் காரியத்துக்குப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. மச்சான் பாக்கி 50,000 தராவிட்டால் கோர்ட்டுக்கும் போக முடியாது.

தனியார் ஒருவர் தன் துப்பாக்கியை இன்னொரு தனியாருக்கு விற்கவே கூடாது என்று நம் சட்டம் சொல்லவில்லை. பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். 5ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, வியாபார லைசென்ஸ் இல்லாமலேயே ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்குச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை விற்கலாம் என்கிறது. வாங்குபவர் அதை வைத்திருக்கத் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும். விற்பவர் தன் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்து ஸ்டேஷன் அதிகாரிக்கோ, வாங்குபவரின் பெயர் விலாசத்தோடு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மாவட்ட மாஜிஸ்திரேட் என்றால் கலெக்டர். கமிஷனர் உள்ள நகரத்தில் போலீஸ் கமிஷனர். தெரிவித்த நாளிலிருந்து குறைந்தது 45 நாள் கழித்துத்தான் துப்பாக்கி கை மாறலாம். இடையில் யாராவது ஆட்சேபித்தால் அதைத் தீர்க்கத்தான் அந்த இடைவெளி.

உங்கள் விஷயத்தில் இந்த வழி இரண்டு பக்கமும் அடைபட்டிருக்கிறது. நீங்கள் ‘சட்டப்படி வைத்திருப்பவர்’ இல்லை, மச்சான் ‘தகுதியுள்ளவர்’ இல்லை. இப்போது வாங்கி வைத்துக்கொண்டு லைசென்ஸைப் பிறகு எடுப்பது என்பது தாலி கட்டிவிட்டுப் பெண் பார்க்கப் போகிற கதை. லைசென்ஸ் முதலில், எந்த வகைத் துப்பாக்கி என்று அதில் குறித்த பிறகுதான் வாங்குவது.

தண்டனையில் இருக்கும் இடைவெளியையும் பாருங்கள். லைசென்ஸ் உள்ளவர் லைசென்ஸ் உள்ளவருக்கே விற்று, தகவல் கொடுக்காமல் விட்டாலோ 45 நாள் பொறுக்காமல் கொடுத்தாலோ, அதிகபட்சம் 6 மாதச் சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். (500 ரூபாய் என்பது பழைய காலத்துத் தொகை. லைசென்ஸ் போய்விடும் என்பதுதான் அங்கே பெரிய அடி.) 5ஆம் பிரிவையே மீறிய விற்பனை என்று வழக்குப் போட்டால் நிலைமை வேறு. 2019 திருத்தத்துக்கு முன்பு அதற்கு 3 முதல் 7 ஆண்டு. இப்போது குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் தண்டனை வரை போகலாம். கள்ளத் துப்பாக்கி வியாபாரிகளை மனதில் வைத்துக் கொண்டுவந்த மாற்றம்தான். ஆனால் அந்த வாசகம் மாமன் மச்சான் என்று பார்ப்பதில்லை. விற்பனைக்கு என்று காட்டுவதும் அதே பிரிவுக்குள்தான் வருகிறது, எனவே துப்பாக்கிப் படத்தை எந்தக் குழுவிலும் போட்டுவிடாதீர்கள்.

‘சரி, விற்கவில்லை, சும்மா கொடுக்கிறேன், பன்றி சீசன் முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன்’ என்று அடுத்து ஒரு யோசனை வரும். எப்போதும் வரும். என் கட்சிக்காரர் ஒருவர் பெரியப்பா மகனுக்கு ஒரே ஒரு ராத்திரிக் காவலுக்குத் துப்பாக்கியைக் கொடுத்தார். பைசா வாங்கவில்லை. பைக்கில் குறுக்கே மாட்டிக்கொண்டு போனவர் ரோந்துப் போலீஸிடம் சிக்கிவிட்டார். ஆளுக்கொரு வழக்கு. கொடுத்தவருக்குக் கடைசிவரை புரியாதது ஒன்றுதான்: ‘நான் விற்கவே இல்லையே சார்?’ சட்டத்தில் ‘கைமாற்றம்’ என்ற சொல்லுக்குள் வாடகைக்கு விடுவது, இரவல் கொடுப்பது, சும்மா கொடுப்பது, கையை விட்டு விடுவது எல்லாம் அடக்கம். வாங்குகிற பக்கமும் அப்படியே. இரவல் வாங்குவதும் பரிசாக வாங்குவதும் ‘பெறுதல்’தான். காசு எத்தனை மாறியது என்று சட்டம் எண்ணிப் பார்ப்பதில்லை, துப்பாக்கி யார் கையில் என்றுதான் பார்க்கிறது.

மச்சானுக்கு நிஜமாகவே துப்பாக்கி வேண்டுமென்றால் அவர் கோயம்புத்தூர் மாவட்டத்தில் தன் பெயரில் விண்ணப்பிக்கட்டும். 21 வயது முடிந்திருக்க வேண்டும். போலீஸ் அறிக்கை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் கேட்பார்கள். வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவருக்கும், அமைதி காக்க ஜாமீன் எழுதிக் கொடுத்து அந்தக் காலம் முடியாதவருக்கும் தடை உண்டு. கிடைத்த பிறகு, பாலக்காட்டில் ஒப்படைப்பில் இருக்கும் உங்கள் துப்பாக்கியை அவர் வாங்கலாம். மாநில எல்லையைத் தாண்டுகிற பொருள் என்பதால் இரண்டு மாவட்டத்திலும் காகிதம் நடக்க வேண்டும். கேரளத்துக்குள் மட்டும் செல்லும் என்று எழுதிய லைசென்ஸோடு வேலந்தாவளம் தாண்டினாலே தவறு என்பது இங்கே பாதிப்பேருக்குத் தெரிவதில்லை. நமக்கு எல்லை என்பது ஒரு டீக்கடைக்கும் அடுத்த டீக்கடைக்கும் நடுவில் இருக்கிற ஒன்று, லைசென்ஸுக்கு அப்படியில்லை. குடகில் லைசென்ஸே வேண்டாமாமே என்று மச்சான் சொல்லக்கூடும். அங்கே குடவ இனத்தாருக்கும் ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் தனி விலக்கு இருக்கிறது, அதுவும் 2029 வரை என்று நாள் போட்டு. அவர்களுக்குச் சொன்னது ஆனைமலைக்கு ஆகாது.

எனக்கு விளங்காதது இன்னொன்று. இத்தனையும் செய்து துப்பாக்கி ஆனைமலைக்குப் போனாலும் அவர் பன்றியைச் சுட முடியாதே? துப்பாக்கி லைசென்ஸ் வேறு, காட்டு விலங்கைச் சுடும் அனுமதி வேறு. பின்னது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் விவகாரம். கேரளத்தில் 2022 மே மாதம் பஞ்சாயத்து பிரசிடெண்டுகளுக்கு ஓர் அதிகாரம் கொடுத்தார்கள். விளைச்சலை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட, லைசென்ஸ் உள்ளவருக்கு அவர்கள் அனுமதி தரலாம். அந்தப் பேச்சு எல்லை தாண்டிப் போகும்போது ‘துப்பாக்கி இருந்தால் சுடலாமாம்’ என்று சுருங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் அந்த ஏற்பாடு இல்லை. 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தபடி பார்த்தாலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடுவது வனத்துறை ஆட்கள்தான், விவசாயி இல்லை. அதிலும் ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குப் பக்கத்துத் தோட்டம். மச்சானுக்கு என் யோசனை, 60,000 ரூபாயைச் சோலார் வேலிக்குப் போடட்டும். அடுத்த பொங்கலுக்கு உங்களை நன்றியோடு கூப்பிடுவார்.

நீங்களே துப்பாக்கியை வைத்துக்கொள்ள மனம் மாறினால், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்கத் தனி விதி இருக்கிறது. அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு இப்போதே போட்டுவையுங்கள். கெஜட்டில் போட்டு ஆட்சேபணைக்குக் காத்திருந்து வருகிற காகிதம் அது, நேரம் எடுக்கும். விற்றாலும் அது தேவைப்படும், ஏனென்றால் அந்தப் பணத்தில் அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பங்கு உண்டு. அட்வான்ஸ் வாங்கும்போது அவர்களைக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. ஏற்கெனவே வேறு துப்பாக்கி வைத்திருக்கும் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: 2019 டிசம்பர் முதல் ஒரு ஆளுக்கு இரண்டுதான், முன்பு மூன்று. பரம்பரையாக வருவதும் அந்தக் கணக்கில் சேரும். வீட்டில் வயதான லைசென்ஸ்தாரர் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கி அவரிடம் 25 வருடம் இருந்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றக் கேட்கலாம். உங்கள் அப்பா அதைச் செய்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

அடுத்தது பரண் துப்பாக்கி. அப்பாவின் துப்பாக்கிக்காவது ஒரு காலத்தில் லைசென்ஸ் இருந்தது. இதற்கு ஏதாவது காகிதம் உண்டா? தாத்தாவின் பெட்டியில் தேடிப் பாருங்கள். பழசு, துருப்பிடித்தது என்பதாலேயே அது இரும்பு ஆகிவிடாது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படாது என்கிற நிலைக்குப் போன பழங்கால ஆயுதத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அந்தப் ‘பழுது பார்த்தாலும்’ என்ற சொல்தான் வில்லங்கம். மருந்து இடிக்கும் துப்பாக்கியின் அமைப்பு எளிது. குழல் நன்றாக இருந்தால் விசையைச் சரிசெய்துவிடலாம் என்று நிபுணர் சொல்லிவிட்டால் விலக்கு போயிற்று. அதை நீங்களோ நானோ பரண் அடியில் நின்று முடிவு செய்ய முடியாது. மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. குழலை அறுத்துச் சின்னதாக்குவது 6ஆம் பிரிவில் தனிக் குற்றம். பழைய இரும்புக் கடையில் போட்டால் அங்கிருந்து யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது, ஆனால் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரருக்குத் தெரியும். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் போலீஸ் கிராமம் கிராமமாகச் சொல்வதுண்டு. தானாக முன்வந்து கொடுப்பவரையும் தேடிப் பிடித்தவரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. இருந்தாலும் கொடுத்துவிட்டால் வழக்கே வராது என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதனால் இதையும் அதே கடிதத்தில் சேர்க்காமல், முதலில் வக்கீலிடம் காட்டிப் பேசிவிட்டு, தனிக் கடிதமாகக் கொடுங்கள். பழைய கருமருந்து டப்பா ஏதாவது கூடக் கிடந்தால் தொடாமல் ஸ்டேஷனில் சொல்லுங்கள்.

பையனின் ஏர் கன்னுக்கு நீளமான பதில் வேண்டாம். 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர் குண்டுக்கு மேற்படாமலும், வேகச் சக்தி 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். இரண்டில் எது தாண்டினாலும் வேண்டும். வாட்ஸ்அப்பில் ‘0.22, சூப்பர் பவர்’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பெருமைதான் லைசென்ஸ் வேண்டும் என்பதற்கு அடையாளம். வாங்குவதானால் அடையாள அட்டை வாங்கிக்கொண்டு பில் தரும் கடையில் வாங்குங்கள், குருவி கொக்கு பக்கம் திருப்பக்கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

அட்வான்ஸ் 10,000 ரூபாயை இந்த வாரமே வங்கி வழியாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள், கையில் கொடுக்க வேண்டாம். பேசியது ரத்து என்று ஒரு வரியும் எழுதி அனுப்புங்கள். மச்சான் கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது தரும் ரசீதில் துப்பாக்கியின் எண்ணும் தோட்டாவின் எண்ணிக்கையும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு எழுத்து மாறிப்போன ரசீதைத் திருத்த ஒருவர் ஏழு மாதம் பாலக்காடு சிவில் ஸ்டேஷனுக்கு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.